கொட்டிவாக்கம் அபார்ட்மென்ட்: இரும்புத் தடுப்புக் கம்பங்களுக்கு பிளாஸ்டிக் கவர் போடலாமா?

#1 கொட்டிவாக்கம்_கமிட்டி | 24 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடியிருப்பு கடற்கரையிலேர்ந்து நடக்கிற தூரம்தான். தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங். வண்டி தூண்ல இடிக்காம இருக்க பில்டர் அப்பவே 11 இரும்பு பொல்லார்டு (தடுப்புக் கம்பம்) நட்டுக் குடுத்துட்டுப் போனார். கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு (1, 2), ராம்ப் இறங்குற இடத்துல தூண்களுக்கு முன்னாடி ஆறு (3 முதல் 8 வரை), காஸ் பேங்க் (சிலிண்டர் வெக்கிற) கூண்டுக்கு முன்னாடி மூணு (9, 10, 11). உள்ளே கான்கிரீட் ரொப்பின பைப். உயரம் ஒரு மீட்டர்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மஞ்சள் கறுப்பு பெயின்ட் அடிக்கிறோம். மூணே மாசத்துல காலடியிலேர்ந்து கொப்புளம் கிளம்பி, ஆறாவது மாசம் பழைய கோலத்துக்கே வந்துடுது. போன பொதுக்குழுவுல ஒருத்தர், "மால்ல பாத்தேன், மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருக்காங்க. அதை மாட்டிட்டா பெயின்ட் செலவே இல்லை"ன்னு சொல்ல, எல்லாரும் கை தட்டிட்டாங்க. வேலை என் தலையில விழுந்துடுச்சு.

சாம்பிளுக்கு ஒரு "6 இஞ்ச்" கவர் வந்துச்சு. கேட் கம்பத்துல போட்டா லொடலொடன்னு ஆடுது. ராம்ப் கம்பத்துல போட்டா தாத்தா சட்டையைப் பேரனுக்கு மாட்டின மாதிரி தொங்குது. சைஸ் எப்படிப் பார்க்கிறது? எப்படி நிறுத்துறது, ஸ்க்ரூவா, பசையா? போட்டவங்க சொல்லுங்க.

#2 துறைமுகத்தான் | 24 ஆகஸ்ட் 2024

அண்ணாச்சி, எங்க தூத்துக்குடியில பொல்லார்டுன்னா கப்பல் கயிறு மாட்டுற குத்திதான். அதுக்குக் கவர் போட்டா கப்பலை எங்க கட்டுவாகன்னு ஒரு நிமிஷம் முழிச்சிட்டேன் 😀

விஷயத்துக்கு வாரேன். உப்புக்காத்து அடிக்கிற இடத்துல கம்பம் சாகுறது தலையில இல்ல, காலடியில. தரையும் பைப்பும் சேருற அந்த ரெண்டு விரக்கடை இருக்குல்லா, அங்கதான் தண்ணி நிக்கும், மண்ணு ஒதுங்கும், தெருநாய் காலைத் தூக்கும். மேல பெயின்ட் மினுமினுன்னு இருக்கும், கீழ வேலை நடந்துக்கிட்டே இருக்கும். மொதல்ல அதைப் பாரும்.

#3 பைப்புள்ளி | 25 ஆகஸ்ட் 2024

கோயமுத்தூர்ல ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேனுங்க. "6 இஞ்ச்"ங்கறது பேரு, அளவு இல்லீங்க.

நம்மூர்ல ஐஎஸ் 1239 (இந்தியத் தரம்) பைப்புல 150 போர்னு (உள்விட்டத்தை வெச்சு வர்ற பேரு) வாங்குனா வெளிவிட்டம் 165.1 மி.மீ. வெளிநாட்டு ஷெட்யூல் 40 பைப்புல அதே 6 இஞ்சுக்கு 168.3. கவர் அச்சு பெரும்பாலும் அந்த 168.3-ஐ மனசுல வெச்சு, அதுக்கும் மேல இடம் விட்டுச் செஞ்சது. உள்விட்டம் 178 கிட்ட இருக்கும். அப்ப உங்க கம்பத்துல ஒரு பக்கத்துக்கு ஆறு, ஆறரை மி.மீ. சந்து விழுந்தே தீரும். அந்த சந்து தப்பில்லீங்க, ஃபோம் பட்டை ஒட்டறதுக்குன்னே விட்ட இடம். சாம்பிளோட பட்டைச் சுருள் தராம விட்டிருப்பாங்க, கேளுங்க.

ராம்ப்ல இருக்கறது 100 போரா இருக்கும், 114.3 மி.மீ. அதுக்கு வேற கவர்.

யூகமே வேண்டாம். தையல்காரர் டேப் ஒண்ணு எடுத்து ஒவ்வொரு கம்பத்தையும் சுத்தி அளந்து, 3.14-ல வகுங்க. தலையில ஒரு அளவு, நடுவுல ஒண்ணு, தரையை ஒட்டி ஒண்ணு. மூணும் வேணும். ஏன்னு அளந்துட்டு வாங்க, சொல்றேன்.

#4 கொட்டிவாக்கம்_கமிட்டி | 25 ஆகஸ்ட் 2024

அளந்துட்டேன் அண்ணே. வீட்டுக்காரம்மா டேப். அவங்க கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை.

கேட் ரெண்டும், காஸ் பேங்க் மூணும்: சுத்தளவு 52 செ.மீ., மேலயும் கீழயும் ஒண்ணுதான்.
ராம்ப் கம்பங்கள்: 36 செ.மீ.
ஆனா 7-ம் நம்பர் மட்டும் மேல 36, தரையை ஒட்டி 38. மூணு தடவை அளந்தேன், மாறலை. பெயின்ட் கனமா?

#5 பைப்புள்ளி | 25 ஆகஸ்ட் 2024

இதுக்குத்தான் மூணு அளவு கேட்டேனுங்க.

52-ஐ வகுத்தா 165 சொச்சம், 36-ஐ வகுத்தா 114 சொச்சம். சொன்ன பைப்புதான். 38-ன்னா 121. ஆறு மி.மீ. தடிச்சிருக்குது. அத்தனை கனத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க. அது துரு. இரும்பு துருவானா பல மடங்கு ஊதும். பெயின்ட்டுக்கு அடியில அடுக்கடுக்கா உப்பி நிக்குது.

சுத்தியல் எடுத்து 6-ம் நம்பர், 7-ம் நம்பர் ரெண்டையும் காலடியில தட்டிப் பாருங்க. கான்கிரீட் ரொப்புன நல்ல கம்பம் "டொக்"னு கட்டியாச் சொல்லும். கெட்டுப்போனது "சொத்"துனு கேக்கும், சில்லு உதிரும். தட்டிட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் 7-க்கு கவர் ஆர்டர் போட்டுறாதீங்க.

#6 ஓய்வுபெற்ற_ஜேஇ | 26 ஆகஸ்ட் 2024

முப்பத்திரண்டு வருடம் கட்டட வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கவரே வேண்டாம்.

எங்கள் ஊரில் தெரு திரும்பும் முனையில், வீட்டுச் சுவர் ஓரமாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். மாட்டுவண்டிச் சக்கரம் சுவரைத் தேய்க்காமல் இருக்க. நூறு வருடம் நிற்கும். அதற்கு யாரும் சட்டை தைத்துப் போடவில்லை. வண்டி உரசினால் கல்லில் கீறல் விழும், எல்லோர் கண்ணிலும் படும், சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார்கள். அவ்வளவுதான் பராமரிப்பு.

வருடத்துக்கு இரண்டு முறை பெயின்ட் அடிப்பதைச் செலவு என்று பார்க்கிறீர்கள். அந்த இரண்டு நாளாவது ஒருவன் கம்பத்தின் அருகே குனிகிறான். கவர் போட்டுவிட்டால் அந்தக் குனிவும் போயிற்று. உள்ளே என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் ரிவர்ஸில் வந்த கார் லேசாக இடித்ததும் கம்பம் கவரோடு படுத்துக்கொள்ளும்.

#7 பைப்புள்ளி | 26 ஆகஸ்ட் 2024

சார், மரியாதையோட ஒரு வார்த்தை. குனியறது யாருங்க? பெயின்டர். அவருக்குக் கூலி கம்பத்துக்கு இத்தனைன்னு. துருவைச் சுரண்டுனா நேரம் போகும், அதனால துரு மேலயே ரெண்டு கோட் இழுத்துட்டு அடுத்ததுக்குப் போயிருவார். 7-ம் நம்பர் அப்படித்தான் ஊதியிருக்கும்னு நெனக்கறேன்.

#8 கொட்டிவாக்கம்_கமிட்டி | 27 ஆகஸ்ட் 2024

தட்டினேன். ஆறாம் நம்பர் "டொக்".

ஏழாவதைத் தட்டினப்ப சத்தமே வரலை. ஒரு மஞ்சள் செதில், உள்ளங்கை அகலம், அப்படியே கழண்டு விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா பலாச்சுளை ஓரம் மாதிரி அடுக்கு: மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு, நடுவுல ரெட் ஆக்ஸைடு (துருத் தடுப்பு ப்ரைமர்) ஒரே ஒரு கோடு. எண்ணினா எட்டு கோட். எட்டுக்கும் அடியில பிஸ்கட் மாதிரி பழுப்புத் துரு. ஸ்க்ரூடிரைவர் வெச்சு அழுத்தினேன், பைப் சுவர்ல நேரா உள்ளே போயி கான்கிரீட்ல முட்டி நின்னுச்சு. காலைச் சுத்தி முக்கால்வாசி இப்படித்தான்.

ராம்ப் தண்ணி போற ஜல்லடைக்குப் பக்கத்துல நிக்கிறது அது. கார் கழுவுற தண்ணி, மழைத் தண்ணி, நாய், எல்லாத்துக்கும் அதுதான் முதல் நிறுத்தம். தூத்துக்குடி அண்ணாச்சி வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.

ஜேஇ சார், நீங்க சொன்னதும் சரி, பைப் அண்ணன் சொன்னதும் சரி. நாலு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு எட்டு கோட் அடிச்சிருக்கோம், ஒருத்தர் கண்ணுலயும் படலை.

#9 மூன்றாம்மாடி_அக்கா | 27 ஆகஸ்ட் 2024

நான் வேற அபார்ட்மென்ட், வேளச்சேரி பக்கம். எங்க செகரெட்டரி வந்து "கவர் போட்டா கம்பம் இன்னும் ஸ்ட்ராங் ஆகும், வண்டி இடிச்சாலும் தாங்கும்"னு சொல்லித்தான் காசு வசூல் பண்ணினார். நிஜமா?

கவர் போட்டதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே லாபம், என் கார் கதவுல மஞ்சள் பெயின்ட் கோடு விழறது நின்னுச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு கதவுலயும் புலி மாதிரி வரி.

#10 ஓய்வுபெற்ற_ஜேஇ | 27 ஆகஸ்ட் 2024

அம்மா, ஆகாது. மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வண்டியைத் தடுக்காது. தடுப்பது பைப்பும், அதன் உள்ளே இருக்கும் கான்கிரீட்டும், எல்லாவற்றையும் விட மண்ணுக்குள் இருக்கும் பங்கும். மேலே ஒரு மீட்டர் நின்றால் கீழே அறுபது சென்டிமீட்டராவது கான்கிரீட் குழியில் இறங்கியிருக்க வேண்டும். வெறும் பிளேட்டில் நாலு போல்ட் போட்டு நிறுத்திய கம்பம் எச்சரிக்கைப் பலகை, தடுப்பு அல்ல.

கணக்கும் சொல்கிறேன். ஒன்றரை டன் கார் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 5,800 ஜூல். 20 கி.மீ. ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, 23,000-ஐத் தாண்டும். அமெரிக்காவில் கடை முகப்புக் கம்பங்களைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் எஃப்3016 என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ வண்டியை மணிக்கு 10, 20, 30 மைல் வேகங்களில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே சோதிப்பது கம்பத்தை, அதன் சட்டையை அல்ல.

கதவில் வரி விழாததும், இருட்டில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதும் உண்மையான லாபம்தான். அதை நான் மறுக்கவில்லை.

#11 ஜெபல்அலி_ஸ்டோர்ஸ் | 28 ஆகஸ்ட் 2024

நான் துபாய், ஜெபல் அலியில ஒரு கிடங்குல ஸ்டோர்ஸ் பாக்குறேன். லோடிங் கதவு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கம்பம், எல்லாத்துக்கும் கவர். ஃபோர்க்லிஃப்ட் உரசாத நாளே இல்லை. இங்க படிச்ச பாடம்:

கவர் பாலிஎதிலீன். கனம் 3 மி.மீ.யும் வருது, 6 மி.மீ.யும் வருது. கார் பார்க்கிங்குக்கு 3 போதும். ஃபோர்க்லிஃப்ட் நடமாடுற இடத்துல 6 இல்லாட்டி முட்கரண்டி நுனி கிழிச்சுப் போட்டுரும். யுவி ஸ்டெபிலைசர் கலந்ததான்னு கேட்டு வாங்குங்க. கலக்காத மஞ்சள் வெயில்ல வெளுத்து, மோர்க்குழம்பு கலருக்கு வந்து, அப்புறம் நகத்தால கீறினாலே மாவா வரும். கறுப்புக் கவர்தான் வெயிலைத் தாங்குறதுல ராஜா, ஆனா ராத்திரியில எவனுக்கும் தெரியாது.

ஸ்க்ரூ அடிக்காதீங்க. நாங்க அடிச்சோம். பிளாஸ்டிக் சூட்டுல நீளுறது இரும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல. விடியக்காலம் 25 டிகிரி, மத்தியானம் கவர் மேல கைவெச்சா சுடும், 60 இருக்கும். ஒரு மீட்டர் கவர் அந்த 35 டிகிரிக்கு 5 முதல் 7 மி.மீ. நீளும். இரும்பு அரை மி.மீ. கூட நகராது. மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினா நடுவுல தொந்தி தள்ளும், இல்லாட்டி ஸ்க்ரூ ஓட்டையிலேர்ந்து கீறல் ஓடும். போதாக்குறைக்கு, பைப்புல நீங்க போட்ட ஓட்டை துருவுக்கு வாசல்.

அதே காரணத்துக்குத்தான் கீழே தரையைத் தொடாம ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாம இடைவெளி விடணும்.

#12 மடிப்பாக்கம்_மழை | 28 ஆகஸ்ட் 2024

ஸ்க்ரூ வேண்டாம்னு சொல்றவங்க எங்க கதையையும் கேளுங்க. எங்க அபார்ட்மென்ட்ல நாலு கவர், சும்மா கவுத்து வெச்சது, பட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பார்க்கிங்ல தொடை வரைக்கும் தண்ணி. கரண்ட் போயி மாடியில உட்கார்ந்து பாத்துக்கிட்டிருக்கோம், மஞ்சளா ஒண்ணு கேட்டைத் தாண்டிப் போகுது. அப்புறம் இன்னொண்ணு. பாலிஎதிலீன் தண்ணியைவிட லேசு, அதோட மேல மூடின தொப்பிக்குள்ள காத்து வேற அடைச்சு நிக்குதா, தண்ணி ஏற ஏற அதுபாட்டுக்குக் கழண்டு கிளம்பிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மூணு கவர் அடுத்த தெரு முனையில கிடைச்சது. நாலாவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல எந்தப் பறவை கூடு கட்டியிருக்கோ.

அதனால ஏதோ ஒண்ணு பிடிச்சு நிறுத்தியே ஆகணும்.

#13 பைப்புள்ளி | 28 ஆகஸ்ட் 2024

😀😀 மிதந்து போன கவரை இப்பத்தான் கேள்விப்படறேன்.

பிடிமானத்துக்கு வழி சொல்றேனுங்க. ஃபோம் பட்டை ஈபிடிஎம் ரப்பர், அறை மூடுன (க்ளோஸ்டு செல், தண்ணி குடிக்காத) ரகம் வாங்கோணும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டிராதீங்க, அது தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கிட்டு வருஷம் பூரா பைப்பை நனைச்சுக்கிட்டே இருக்கும். பட்டையை வளையமாச் சுத்தக் கூடாது, மேலயிருந்து கீழ நெட்டுக்குத்தா ஒட்டோணும், நாலு வரி. சுத்துனா தண்ணி அதுக்கு மேல தேங்கும், நெட்டுக்குத்தா இருந்தா வழிஞ்சு கீழ போயிரும், காத்தும் ஓடும். சந்து அளவைவிடப் பட்டை ரெண்டு மி.மீ. கனமா இருக்கட்டும். தட்டி இறக்குனா கப்புனு புடிச்சுக்கும்.

அதுக்கு மேலயும் பயம்னா, தலை உச்சியில மட்டும் சிலிகான் ஒரு சொட்டு. வினிகர் வாடை அடிக்கற சிலிகான் வேண்டாம், அந்த அமிலம் இரும்பைத் திங்கும். "நியூட்ரல் க்யூர்"னு கேட்டு வாங்குங்க. பாலிஎதிலீன்ல எதுவுமே சரியா ஒட்டாது, அதுவும் நமக்கு நல்லதுதான். கழட்டோணும்னா ஒரு முறுக்கு முறுக்குனா வந்துரும்.

ஒளிரும் டேப்பும் இதே கதைதானுங்க. கவர்ல ஒட்டுனா ஆறு மாசத்துல நுனி எந்திரிக்கும். ஒரு சுத்து முழுசாச் சுத்தி, டேப் மேலயே அஞ்சு செ.மீ. ஏத்தி ஒட்டிருங்க. டேப் டேப்பை விடாது.

#14 கவர்_மொத்த_விற்பனை | 29 ஆகஸ்ட் 2024

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

#15 மட்டுறுத்துநர் | 29 ஆகஸ்ட் 2024

போன் நம்பரும் விலைப்பட்டியலும் இங்கே வேண்டாம். விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இழை தொடரட்டும்.

#16 மூன்றாம்மாடி_அக்கா | 29 ஆகஸ்ட் 2024

எங்க பிளம்பர் பிவிசி பைப்பே மாட்டலாம், பாதி விலைதான்னு சொல்றார். செய்யலாமா?

#17 பைப்புள்ளி | 29 ஆகஸ்ட் 2024

செய்யறாங்க மேடம், நானே செஞ்சு குடுத்திருக்கேன். 165 கம்பத்துக்கு 180 மி.மீ. பிவிசி, 4 கிலோ அழுத்தம் தாங்கற ரகம். சுவர் மூணரை மி.மீ. சொச்சம், உள்ள 172, 173 இருக்கும், அழகா இறங்கும். 160 பைப்பை வாங்கிட்டு வந்து ஏறலைன்னு முழிச்சவங்க நிறைய. மேல எண்ட் கேப்.

ஆனா அது வெயில்ல ரெண்டு, மூணு வருஷத்துல மொறுமொறுன்னு ஆயிரும். பாலிஎதிலீன் இடிச்சா அமுங்கி எந்திரிக்கும், பிவிசி அப்பளம் மாதிரி ஒடையும், முனை கத்தியா நிக்கும். குழந்தைங்க ஓடற இடத்துல வேண்டாம்ங்க. நிழல்ல, மூலையில, ஆள் போகாத எடத்துல ஓகே.

#18 ஓய்வுபெற்ற_ஜேஇ | 30 ஆகஸ்ட் 2024

நான் பிடிவாதக்காரன் இல்லை. போடுவதென்று முடிவாகிவிட்டால், போடுவதற்கு முன் செய்ய வேண்டியதையாவது செய்யுங்கள்.

பழைய பெயின்ட் தூக்கிய இடமெல்லாம் கம்பி பிரஷ், பிறகு 80-ம் நம்பர் எமரி, இரும்பு நிறம் தெரியும் வரை. உப்பு படிந்திருக்கும், நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். உப்போடு சேர்த்துப் பெயின்ட் அடித்தால் உள்ளே ஊறுகாய் போட்ட மாதிரி. ரெட் ஆக்ஸைடு கடற்கரைக்குப் போதாது. இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி ப்ரைமர், அதன் மேல் எபாக்ஸி கோட். காலடியில் அரை அடி உயரத்துக்குக் கூடுதலாக ஒரு கோட்.

காலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமென்ட் பூசுங்கள், தண்ணீர் கம்பத்தை விட்டு விலகி ஓடட்டும். பல இடங்களில் கம்பம் ஒரு கிண்ணத்துக்குள் நிற்கிறது. அந்தக் கிண்ணம்தான் அதன் சாவுக்குக் காரணம்.

கடைசியாக, காஸ் பேங்க் முன்னால் இருக்கும் மூன்றுக்கும் கவர் போடாதீர்கள். பாலிஎதிலீன் எரியும், உருகிச் சொட்டும். சிலிண்டர் கூண்டுக்கு முன்னால் எரியக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து ஏன் நிறுத்த வேண்டும்? ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு எதிரே இருந்தாலும் இதேதான்.

#19 மடிப்பாக்கம்_மழை | 30 ஆகஸ்ட் 2024

காஸ் பேங்க் விஷயத்துக்கு ஒரு ஓட்டு. எங்க பிழைச்ச மூணு கவர்ல ஒண்ணோட தலையில வட்டமா ஓட்டை. தீபாவளிக்கு எவனோ அதை மேடையா நெனச்சு புஸ்வாணம் வெச்சிருக்கான்.

#20 கொட்டிவாக்கம்_கமிட்டி | 13 அக்டோபர் 2024

ரொம்ப நாள் கழிச்சு வரேன். மழைக்கு முன்னாடி முடிச்சுடணும்னு ஓடிக்கிட்டிருந்தேன்.

7-ம் நம்பர் போயிடுச்சு. வெல்டர் கட்டர் வெச்சு அறுக்க வந்தார், பாதியிலேயே கையால அசைச்சுப் புடுங்கிட்டார். அதை நம்பித்தான் ஒரு தூண் நின்னுக்கிட்டிருந்தது. புது 100 போர் பைப், குழி 60 செ.மீ., உள்ளே ஜல்லி கான்கிரீட், தலையில குமிழ் மாதிரி வழிச்சுவிட்டு. பத்து நாள் ஈரச்சாக்கு சுத்தி வெச்சோம். வாட்ச்மேன் அதுக்கு ஒரு செம்பருத்திப் பூ வெச்சிட்டார்.

மத்த பத்துலயும் சுரண்டினோம். 3-லயும் 8-லயும் லேசாத் துரு, பைப் கெட்டியாத்தான் இருக்கு. எபாக்ஸி அடிச்சாச்சு. காஸ் பேங்க் மூணுக்கும் கவர் இல்லை, மஞ்சள் கறுப்பு மட்டும். பொதுக்குழுவுல ஒருத்தர் "அப்ப மேட்ச் ஆகாதே"ன்னு கேட்டார். மேட்ச் ஆகாட்டி பரவாயில்லைன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன்.

கவர் மாட்டினது ஒரு ஞாயித்துக்கிழமை. எட்டு கவர். நெனச்ச மாதிரி நேரா இறங்கலை. முதல் கம்பத்துல பட்டையை எட்டு வரி ஒட்டிட்டேன், நாலு போதும்னு எழுதினதை மறந்து. பாதி தூரம் போயி மாட்டிக்கிச்சு, மேலயும் போகலை கீழயும் வரலை. ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சுத் திருகிக் கழட்டினோம். அப்புறம் நாலு வரி, அதுமேல சோப்புத்தண்ணி லேசாத் தடவி, கவர் தலையில மரக்கட்டை வெச்சு ரப்பர் சுத்தியலால தட்டினா மூணாவது தட்டுலயே உட்கார்ந்துடுச்சு. உள்ளே அடைபடுற காத்து கீழே சந்து வழியா "புஸ்"ஸுன்னு வரும்போதுதான் சரியா இறங்குதுன்னு தெரியும்.

இன்னொரு தலைவலி உயரம். கவர் எல்லாம் ஒரே நீளம், கம்பம் எல்லாம் ஒரே உயரம் இல்லை. ஒண்ணு 96 செ.மீ., ஒண்ணு 101. கவரைக் கவுத்து நிறுத்திட்டு, தரையில ஒரு கட்டையை வெச்சு, அதுமேல மார்க்கரைப் படுக்கப்போட்டு கவரைச் சுத்தி வந்தா கோடு சமமா விழுது. அந்தக் கோட்டுல ஹாக்ஸா. தரைக்கும் கவருக்கும் ஒண்ணரை செ.மீ. இடைவெளி இருக்கிற மாதிரி வெட்டினோம். கத்தியில வெட்டப் பார்த்தேன், கட்டைவிரல்தான் வெட்டுப்பட்டுச்சு.

#21 துறைமுகத்தான் | 13 அக்டோபர் 2024

அந்த ஒண்ணரை சென்டிமீட்டர் சந்துல எறும்பு ஏறும் அண்ணாச்சி. கட்டெறும்பு மண்ணைக் கொண்டுபோயி அடைச்சுச்சுன்னா தண்ணி உள்ளேயே நிக்கும். கூட்டுற அம்மாகிட்ட சொல்லி, வாரம் ஒருக்கா தென்னங்குச்சியை விட்டுச் சுத்தி வரச் சொல்லுங்க.

#22 ஓய்வுபெற்ற_ஜேஇ | 14 அக்டோபர் 2024

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். எப்போது கழற்றிப் பார்ப்பது என்று தேதி போட்டீர்களா?

#23 கொட்டிவாக்கம்_கமிட்டி | 14 அக்டோபர் 2024

போட்டாச்சு சார். தண்ணித்தொட்டி கழுவுற நாளோட சேர்த்துட்டேன், மழைக்கு முன்னாடி ஒண்ணு, பொங்கலுக்கு முன்னாடி ஒண்ணு. கவர் உள்பக்கத்துல மார்க்கர்ல கம்பம் நம்பரும் அன்னைக்கு எடுத்த காலடிச் சுத்தளவும் எழுதியிருக்கு. அடுத்த தடவை கழட்டும்போது டேப் வெச்சு அதோட ஒத்துப்பார்த்தா போதும், அரை செ.மீ. கூடியிருந்தாலும் தெரிஞ்சுடும். டேப் மட்டும் புதுசு வாங்கிட்டேன். பழையதை வீட்ல திரும்ப வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க.

#24 கொட்டிவாக்கம்_கமிட்டி | 8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் நிலவரம். நவம்பர் 30 அன்னைக்கு முழுக்கப் பேய்மழை. ராம்ப் அடியில முழங்கால் தண்ணி. கவர் எதுவும் கிளம்பலை (மடிப்பாக்கம் சார், கவனிக்கவும்).

பொங்கல் வரைக்கும் பொறுக்க முடியலை, இன்னைக்குக் காலையில மூணு கவரைக் கழட்டிப் பார்த்துட்டேன். 1-ம் நம்பர் காஞ்சு கிடக்கு. 7-ம் நம்பர் காலடியில மெல்லிசா சேறு படிஞ்சிருக்கு, துரு இல்லை, சுத்தளவு அதே 36. 4-ம் நம்பர்லதான் அண்ணாச்சி வாக்கு பலிச்சுடுச்சு: எறும்பு ஒரு பக்கம் கீழ்ச் சந்து முழுக்க மண்ணால அடைச்சு, உள்ளே விரல் உயரத்துக்குத் தண்ணி நின்னுருக்கு. எபாக்ஸி தாங்கியிருக்கு, ஆனா நுனியில ஒரு இடத்துல பட்டாணி அளவு கொப்புளம். குத்திச் சுரண்டி, காயவிட்டு, தொட்டு அடிச்சாச்சு. அந்தப் பக்கம் கவர் விளிம்புல ரெண்டு இடத்துல அரை வட்டமா வெட்டி விட்டுட்டேன், இனிமே அடைச்சாலும் முழுசா அடைக்க முடியாது.

#25 ஓய்வுபெற்ற_ஜேஇ | 8 டிசம்பர் 2024

அந்தக் கொப்புளத்தைப் பார்த்தது கவரைக் கழற்றியதால். சரி, நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், பாதி மட்டும்.

வெட்டிய துண்டுகளை என்ன செய்தீர்கள்? தூக்கி எறிந்தால் கால்வாயில் போய் அடைக்கும்.

#26 கொட்டிவாக்கம்_கமிட்டி | 8 டிசம்பர் 2024

எறியலை சார். நாலைஞ்சு செ.மீ. அகலத்துல மஞ்சள் வளையம் ஆறு கிடைச்சது. பசங்க எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் ஆனா 7-ம் நம்பர் கம்பத்துக்கு எதிர்ல கோடு கிழிச்சு நின்னு வளையம் எறியறாங்க, சின்னக் கம்பத்துக்குப் பெரிய கம்பத்து வளையம், சுலபமா விழுது. ராம்ப்ல வண்டி இறங்குற நேரம் பாத்து விலகுங்கடான்னு வாட்ச்மேன் கத்திக்கிட்டிருக்கார்.